சீட்டில் விழுந்த கை

எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும் டெய்லரக்கா கடைக்கு வழி சொல்வார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சலவைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் செருகி வைத்த ஓர் அறை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். புதுசு தைப்பது கொஞ்சம்தான். மற்றபடி பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பெருத்தவர்களுக்கு விட்டுக் கொடுப்பது. பெருத்தவர்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்களிடம் துணி சுருங்கிவிட்டது என்று என் அக்கா வாய் கூசாமல் சொல்லுவாள். அதற்காகவே அவளைத் தேடி வந்தவர்கள் உண்டு.

அவள் கெட்டிக்காரத்தனமெல்லாம் அளவெடுப்பதில் இருந்தது. கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி ஒருவர் தோளில் போடும்போதே காலரை நேராக்குவாள், முதுகில் ஒரு தட்டு தட்டி நிமிர்ந்து நிற்கச் சொல்லுவாள், கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் கூச்சம் காட்டிச் சிரிக்க வைப்பாள். தொட்டுக்கொண்டே பேசுவாள். வந்தவர்கள் வீட்டுக் கதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான் ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை பார்க்கிறேன். முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தான் சம்பளம். அங்கே குரலை உயர்த்தக் கூடாது என்பது விதி. இதைச் சொல்லும்போது உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு முதலில் முழங்கையில்தான் வந்தது. மேஜை விளிம்பில் கையை ஊன்றி ஊன்றித் தைப்பதால் தோல் தடித்திருக்கிறது என்று விட்டுவிட்டாள். பிறகு அது சாம்பல் பூத்த மாதிரி வெளிறி, செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் கவுன்டருக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு, படர்தாமரை என்று தீர்ப்புச் சொல்லி ஒரு ட்யூப்பை நீட்டினார். தடவினால் மறையும், நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வரும். ஒரு கிளினிக்குக்கும் போனோம். அங்கிருந்த டாக்டரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எட்டிப் பார்த்து அதே படர்தாமரையைத்தான் சொன்னார். வருஷம் ஓடியது. முழங்கையிலிருந்து புறங்கைக்கு வந்து, உள்ளங்கையைப் பிடித்து, தலையோரம் வரை ஏறிவிட்டது.

ஒருநாள் பழைய வாடிக்கையான ஒரு டீச்சர் ரவிக்கை தைக்க வந்தார். அக்கா டேப்பை எடுத்தாள். டீச்சர் அரையடி பின்னால் நகர்ந்து, டேப்பைத் தானே பிடித்துக்கொள்வதாகவும் அக்கா எண்ணை மட்டும் பார்த்தால் போதும் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்காவும் சிரித்தபடியே டேப்பைக் கொடுத்தாள். மறுநாள் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது. அளவுச் சட்டை கொண்டு வரவும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் தொட்டு அளவெடுக்கவில்லை.

வீட்டில் அக்கா புருஷன், என் மாமா, கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் ஒரு புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, உனக்கு அரிக்கிறது, தாராளமாகப் படுத்துக்கொள் என்று அன்பாகச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டை அவள் கையிலிருந்து வாங்காமல் மேஜையில் வைக்கச் சொன்னார். காரணம் கேட்டால் சூடு என்பார். நான் போகும்போதெல்லாம் அக்காவைக் கட்டிக்கொள்வேன், கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"நீ தொடுறதெல்லாம் கணக்குல வராதுடி," என்றாள். "தங்கச்சின்னா தொட்டுத்தான் ஆகணும். தொடணும்னு எந்தக் கட்டாயமும் இல்லாத ஒருத்தர், தானா தொடணும். அதான் கணக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா மற்றவர்களைப் போல எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கு வைத்த ஒரு சின்ன பூதக்கண்ணாடியை அக்காவின் தோல் மேலேயே வைத்துப் பார்த்தார். ஒரு துளி தோலைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். இது படர்தாமரையே இல்லை, சொரியாசிஸ் என்று அடுத்த முறை சொன்னார். ஒட்டவே ஒட்டாது, முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். நம் நிறத்தில் இது புத்தகப் படங்களில் இருப்பதுபோலச் சிவப்பாகத் தெரியாது, அதனால் பாதிப் பேர் ஏமாந்துபோகிறார்கள், அதைப் பற்றித்தான் தான் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, அக்காவின் கையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். இத்தனை காலம் தப்பான களிம்பைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு அந்த அம்மா கடவுளாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கும் அப்படித்தான் தெரிந்தார்.

அப்போதுதான் இன்னோர் ஆராய்ச்சியைப் பற்றியும் சொன்னார். மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் நோயாளிகளை இரண்டு விதமாகக் கவனித்து, எது நல்லது என்று பார்க்கிறோம், சேருகிறீர்களா என்று கேட்டார். அக்கா சரி சொல்லிவிட்டாள். எந்த இரண்டு விதம் என்று நான் கேட்டேன்.

"அதை முன்னாடியே சொல்லிட்டா உங்க மனசு அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் வர்ற பதில் சுத்தமா இருக்காது. முடிஞ்சதும் எல்லாருக்கும் சொல்லிடுவோம்."

நியாயமாகத்தான் பட்டது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஏற்பாடு இதுதான். மருந்துக் களிம்பை அவளே வீட்டில் தடவிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால், தோலை மிருதுவாக்கும் வெறும் மெழுகுக் களிம்பை ஒரு நர்ஸ் தடவிவிட்டு, முன்னேற்றம் பார்த்து அனுப்புவார். முதல் தடவை போன அன்று நான் வேலையில் இருந்தேன். யாரோ ஒருவர் என் காதில் கத்திக்கொண்டிருக்கும்போது அக்காவின் அழைப்பு வந்தது. கத்தியவரைக் காத்திருக்க வைத்துவிட்டு எடுத்தேன்.

"கிளவுஸ் போடலைடி," என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்த நர்ஸம்மா. கிளவுஸ் டப்பா பக்கத்துலயே இருக்கு. டப்பாவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. எடுக்கலை. வெறுங்கையால தடவினாங்க."

அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் அழுதுவிட்டேன். காத்திருக்க வைத்தவர் என்மேல் தனியாக ஒரு புகார் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

பிறகு ஒருநாள் நானும் கூடப் போய் அந்த நர்ஸைப் பார்த்தேன். நடுவயது, சதா கழுவிக் கழுவி வெளுத்த விரல்கள், மெதுவான பேச்சு. களிம்பை முதலில் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அக்காவின் கையில் வைத்தார். ஜில்லென்று வைத்தால் உடம்பு திடுக்கிடும் என்றார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று அவசரமே இல்லாமல் தடவினார். தன் பையன் கணக்கில் வாங்கும் மார்க்கைப் பற்றிச் சொல்லி அலுத்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அத்தனை அமைதியாக நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி போகும் நாளில் அக்கா நல்ல உடுப்பாக எடுத்து உடுத்த ஆரம்பித்தாள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வீட்டு மருந்தையும் ஒழுங்காகத் தடவினாள். தடவாமல் போனால் நர்ஸம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பாள். செதில் குறைந்தது. உள்ளங்கை வெடிப்புகள் மூடின. அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு காலேஜ் பெண்ணுக்குத் தானே டேப் பிடித்து அளவெடுத்தாள். மாமாகூடத் தன் கட்டிலைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். அங்கேயே இருக்கட்டும், தாராளமாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்குப் பழைய அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று தோன்றியது.

இதற்கெல்லாம் மருந்து காரணமில்லை என்று அவள் அடித்துச் சொல்லுவாள். தொட வேண்டிய கட்டாயமில்லாத ஒருத்தி, டப்பா பக்கத்திலேயே இருந்தும் எடுக்காமல், தானாகத் தன்னைத் தொட்டாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது.

அதே கிழமையில் இன்னொருவரும் வருவார். ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுபவர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அக்கா அவரை வேன் தம்பி என்பாள். அவருக்கும் கையிலும் காலிலும் இதே செதில்தான். மனைவிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் போனில் குழந்தையின் படத்தைத்தான் காட்டுவார். அதற்கு ஒரு சின்ன கவுன் தைத்துத் தருவதாக அக்கா சொல்லியிருந்தாள். ஒருநாள் அவர் உள்ளே போய்விட்டு வந்து, நர்ஸம்மா உங்களுக்கும் கிளவுஸ் போட்டுத்தான் தடவுகிறார்களா என்று அக்காவைக் கேட்டார். இல்லையே, வெறுங்கையால்தான் என்றாள் அவள். அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். டாக்டரம்மா ஒட்டாது என்று அவருக்கும் சொல்லியிருந்தார். ஆனால் வாய் ஒன்று சொல்ல, கையுறை வேறொன்று சொன்னது. தோல் வியாதிக்காரர்கள் டாக்டரின் வாயைப் பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவரின் கையைத்தான் பார்ப்பார்கள். அக்காவும் அப்படித்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு வேற வகையா இருக்கும் தம்பி," என்றாள். "சரியாகுற வரைக்கும் குழந்தைகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்து இருங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். சில வாரங்களில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். என்ன ஆயிற்று என்று அக்கா நர்ஸிடம் விசாரித்தாள். தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, நர்ஸ் களிம்பு டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம்.

ஆராய்ச்சி முடிந்ததும் எல்லாரையும் ஆஸ்பத்திரியின் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். டீ, பிஸ்கட், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நர்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னாலேயே இடம் பிடித்தோம். அக்கா அவர் தோளைத் தொட்டு, நல்லா இருக்கீங்களா என்றாள். அவர் பாதி திரும்பித் தலையாட்டிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா மகிழ்ச்சியாகப் பேசினார். நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், கண்டுபிடித்த பிறகு நோயாளி விடாமல் வர வேண்டுமே என்றார். பக்கத்து அறை நர்ஸ்களிடம் பார்த்துக்கொள்பவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், நம்முடைய இந்த நர்ஸிடம் மட்டும் யாரும் பாதியில் நிற்பதில்லை. என்ன காரணம் என்று பார்த்தால், ஒட்டாத நோய் என்றால் இவர் கையுறை போடாமல் தொடுகிறார். பல வருஷமாக அது இவருடைய பழக்கம். ஆனால் அந்தத் தொடுதல்தான் காரணமா, வேறு ஏதாவதா என்பதை நிரூபிக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி போட்டு, சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வெறுங்கையாலும், பாதிப் பேருக்குக் கையுறை போட்டும் இதே நர்ஸ் தடவினார். மருந்தில் வித்தியாசமில்லை. வித்தியாசம் கையில் மட்டும்தான். இதைச் சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினார். வெறுங்கைக்காரர்கள் விடாமல் வந்திருக்கிறார்கள், தோலும் வேகமாகத் தேறியிருக்கிறது, தூக்கமும் நன்றாக வந்திருக்கிறது. இனி இந்தப் பிரிவில் எல்லா நர்ஸ்களும் எல்லாரையும் வெறுங்கையால்தான் தொடப்போகிறார்கள் என்றார்.

கை தட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், தான் கையுறைப் பக்கம் என்று தெரிந்ததும், வாழ்க்கையில் எனக்கு எந்தச் சீட்டுதான் விழுந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். அக்காவும் தட்ட ஆரம்பித்தவள்தான். கை நடுவில் நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்லப்போனேன், பேசாமல் இரு என்று சைகை காட்டினாள்.

கூட்டம் கலைந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அவள் நர்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"சீட்டுல நான் அந்தப் பக்கம் விழுந்திருந்தா?"

அந்தம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா நம்பியிருப்பாள், நம்பத் தயாராகவும் இருந்தாள். அவர் தரையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"கிளவுஸ் போட்டிருப்பேன்," என்றார்.

"அன்னிக்கு டப்பாவைப் பாத்தீங்களே."

"உங்க பேருக்கு எது விழுந்திருக்குன்னு டப்பா மேலதான் ஒட்டியிருந்துது."

இந்த இடத்தில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் போட்டேன். மனுஷியைத் தொடுவதற்குச் சீட்டா, நாங்கள் என்ன உங்களுக்கு விளையாட்டுச் சாமானா என்று கேட்டேன். டாக்டரம்மா ஓடி வந்தார். பொறுமையாகத்தான் விளக்கினார். சீட்டுப் போடாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், பிடித்தவர்களை மட்டும் தொட்டார்கள் என்பார்கள், இப்போது நிரூபித்துவிட்டோம், இனிமேல் எத்தனையோ பேர் பயனடைவார்கள் என்றார். இன்றைக்கு யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அந்த ஆராய்ச்சி தேவைதான். அதைத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கடைசியாக, உங்க அக்காவுக்கு நல்ல பக்கம்தானே விழுந்தது, அப்புறம் என்ன என்று கேட்டார். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. வேன் தம்பியைப் பற்றித்தான் கேட்டாள். அவர் எந்தப் பக்கம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம். பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம், அவர்கள் நின்றதும் ஒரு முடிவுதான் என்று பொதுவாகச் சொன்னார். அக்கா அதற்கு மேல் நிற்கவில்லை. பஸ்ஸில் வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற நேரத்தில், என்னை நல்லா ஏமாத்திட்டாங்கடி என்று சொன்னாள்.

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டு மருந்தையும் நிறுத்திவிட்டாள். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருந்து என்ன பாவம் செய்தது என்று மாமா கேட்டதற்கு, மருந்தா என்னைத் தேத்தினது என்று திருப்பிக் கேட்டாள். விரல் இடுக்கில் மறுபடி வெடிப்பு விட்டது.

ஒரு விடுமுறை நாளில் அந்த நர்ஸ் கடைக்கே வந்தார். யூனிபார்ம் இல்லாமல் பார்க்க வேறு யாரோ போல இருந்தார். கையில் ஒரு துணிப் பொட்டலம். நான் அன்று அங்கேதான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்று பேசினார். கையுறை போட்ட ஒவ்வொரு தடவையும் தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னார். பலமுறை மீறிவிடலாமா என்று நினைத்ததாகவும், மீறினால் எல்லார் உழைப்பும் வீணாகிவிடும் என்று டாக்டர் சொன்னதால் அடங்கிப் போனதாகவும் சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி வடிந்துவிட்டது. அவரைப் பார்த்தாலும் ஏமாந்துபோன மனுஷியாகத்தான் தெரிந்தார். அவர் பாட்டுக்குத் தொட்டுக்கொண்டிருந்த கையைப் பிடித்து நிறுத்தி, இவரை இப்போது தொடு, அவரை இப்போது தொடாதே என்று சொல்லியிருக்கிறார்களே.

"உங்களைத் தொட்டது பொய்யில்லைங்க," என்றார்.

"பொய்யின்னு நான் சொல்லலை," என்றாள் அக்கா. "நீங்களா தொட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்து, தனக்கு ஒரு மேல்சட்டை தைக்க வேண்டும் என்றார். டேப்புக்காகக் கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டும் நின்றார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அளவுச் சட்டை கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் கொண்டு வரவில்லை. துணியை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பும் வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பேச்சுக் கொடுத்தபோதுதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். தன்னை ஏமாற்றினார்கள் என்பதுகூட ஆறிவிடுமாம். தன்னை நல்ல பக்கத்தில் வைத்து, அந்தத் தெம்பில் தன் வாயாலேயே இன்னொருவரை ஒதுங்கியிருக்கச் சொல்ல வைத்துவிட்டார்களே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது என்றாள். அந்தக் குழந்தையை அதன் அப்பா இன்னும் தூக்காமல் இருந்தால் என்னடி பண்றது என்று கேட்டாள்.

வேனில் எழுதியிருந்த பேக்கரியின் பெயர் அவளுக்கு நினைவிருந்தது. மறுநாள் மத்தியானம் நானும் அவளும் தேடிப் போனோம். பேக்கரியின் பின்பக்கம் ஒரு பெரிய முற்றம்; கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டுத் திரும்பிய வேன்கள் வரிசையாக நின்றன. அவர் காலித் தட்டுகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். கழுத்து வரை செதில் ஏறியிருந்தது. இரண்டு கையிலும் தடித்த நூல் கையுறை போட்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, வாங்கக்கா என்றார்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டாள். நடக்க ஆரம்பித்துவிட்டதாம். வீட்டில் அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினார். அவர் இங்கேதான், மாவு மூட்டை அறைக்குப் பக்கத்தில் தங்கிக்கொள்கிறார். போகிற நாளில் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாராம். நல்லா வளர்ந்துட்டாக்கா என்றார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தான், ஒரே மருந்துதான். கையுறை போட்டது வியாதிக்காக இல்லை, சீட்டு விழுந்ததால். டாக்டரே கூட்டம் போட்டுச் சொன்னார். இடையில் அவள் விட்ட சில விஷயங்களை நான் எடுத்துச் சொன்னேன். அவர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு தம்பி. உங்களால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. போய்த் தூக்குங்க."

"அன்னிக்கும் இதே மாதிரிதான் நல்ல மனசோட சொன்னீங்கக்கா," என்றார்.

அவர் குத்திக்காட்டச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி வெடித்திருந்த தன் கையை அவர் முன்னால் நீட்டினாள். அந்தக் கிளவுஸைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடியுங்கள், நானும் பிடிக்கிறேன், யாருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றாள். அந்தப் பக்கம் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை, அப்புறம் என்னை. கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"இதுவும் அந்த ஆராய்ச்சிதானாக்கா? இந்தத் தடவை உங்களை அனுப்பியிருக்காங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லை தம்பி," என்றாள் அக்கா. "நானாத்தான் வந்தேன்."

அவர் சரி என்று தலையாட்டினார். நம்பியவர்கள் அப்படித் தலையாட்ட மாட்டார்கள். உட்காருங்கக்கா, டீ சொல்றேன் என்று சொல்லிவிட்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கையுறையைக் கழற்றவில்லை.